செக்யூர் பூட் ராத்திரி ஆன், காலைல ஆஃப்: ஒரு ஆன்டி-சீட் எரர துரத்துன கதை

எரர் மெசேஜ தமிழ்ல சொன்னா இவ்ளோதான்: ஆன்டி-சீட் சரிபார்ப்பு தோல்வி, இந்த கம்ப்யூட்டர் பாதுகாப்புத் தேவைகள பூர்த்தி செய்யல. ஆன்டி-சீட்டுங்கறது கேம்ல ஏமாத்துற புரோகிராம் ஓடாம காவல் காக்குற சாஃப்ட்வேர். எந்தத் தேவை, எது குறையுதுன்னு ஒரு வார்த்தை கிடையாது, எரர் நம்பர் கூட கிடையாது, கீழ ஒரே ஒரு ஓகே பட்டன், அத அமுக்குனா கேம் மூடிக்கும். இத துரத்துனதுல நாலு நாள் போச்சு, கடைசில கிடைச்ச காரணம் கேம்லயும் இல்ல விண்டோஸ்லயும் இல்ல. நடுவுல நான் பண்ண சொதப்பலையும் மறைக்காம எழுதுறேன், அது இல்லனா ரெண்டே நாள்ல முடிஞ்சிருக்கும்.

ஆள் எங்க ஸ்க்வாட்ல கூட ஆடுற தம்பி. நேர்ல பாத்தது இல்ல, வாய்ஸ் சாட்ல மூணு வருஷப் பழக்கம். மெஷின் 2019ல அசெம்பிள் பண்ணது, ரைசன் 5 2600, பி450 போர்டு, பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற, போர்டுலயே இருக்குற சாஃப்ட்வேர்) வாங்குன அன்னைக்கு இருந்த அதே வெர்ஷன், விண்டோஸ் 11க்கு 2022ல அப்கிரேடு பண்ணிருக்கான். கேம் பேரையும் போர்டு கம்பெனி பேரையும் விட்டுடறேன், அவங்க மேல பழி போட இதுல ஒண்ணும் இல்ல. புது சீசன் அப்டேட்ல செக்யூர் பூட்டும் டிபிஎம் 2.0வும் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே வேலை செய்யுற ரெண்டு பாதுகாப்பு ஏற்பாடு) கட்டாயம்னு ஆக்கிட்டாங்க, அந்த வெள்ளிக்கிழமைல இருந்து இவனால லாபிக்கே போக முடியல.

இந்தக் கட்டாயம் இப்போ பரவலா வந்துடுச்சு. வேலோரன்ட் 2020ல வந்தப்பவே ரயட்டோட ஆன்டி-சீட் வேன்கார்டு விண்டோஸ் பூட் ஆகும்போதே அதோட அடிமட்டமான கெர்னல்ல ஏறி உக்காந்துக்கும், விண்டோஸ் 11 வந்ததும் அதுல டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ரெண்டையும் கேக்க ஆரம்பிச்சாங்க, வேன் 9001, வேன் 9003ன்னு எரர் பாத்து கடுப்பானவங்க நிறைய பேர் இருப்பீங்க. 2025ல வந்த பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட் இல்லாம ஓடாது, அதே வருஷம் வந்த கால் ஆஃப் டூட்டி பிளாக் ஆப்ஸ் 7ம் ரெண்டையும் கேக்குது. காரணம் சிம்பிள்தான், யாரு முதல்ல உள்ள ஏறுறாங்களோ அவங்க பின்னாடி வர்றவங்கள ஏமாத்தலாம். சீட் புரோகிராம் விண்டோஸுக்கு முன்னாடியே பூட்ல நுழைஞ்சிட்டா அப்புறம் வர்ற ஆன்டி-சீட் எத கேட்டாலும் அது சொல்ற பொய்யதான் நம்பணும். செக்யூர் பூட் என்ன பண்ணுதுன்னா கையெழுத்து இல்லாத பூட் கோட உள்ளயே விடாது, டிபிஎம் என்ன பண்ணுதுன்னா பூட்ல என்னென்ன ஏறுச்சுங்கறத பிசிஆர்னு சொல்ற ரெஜிஸ்டர்கள்ல பதிஞ்சு வச்சுக்கும். செக்யூர் பூட் நிலவரம் போறது பிசிஆர் 7ல. சர்வர் கேட்டா அந்தப் பதிவ டிபிஎம் தன் கையெழுத்தோட குடுக்கும். அதனாலதான் ரெஜிஸ்ட்ரில ஒரு வேல்யூவ 0ல இருந்து 1க்கு மாத்துனா போதும்னு சுத்துற டிப்ஸெல்லாம் வேலைக்கு ஆகாது, விண்டோஸ்கிட்ட பொய் சொல்லலாம், சிப்புகிட்ட சொல்ல முடியாது.

இன்னொண்ணு, "வெரிஃபிகேஷன் எரர்"ங்கறது ஒரே எரர் கிடையாது. வெளிய ஒரே பேரு, உள்ள ஆறேழு செக் வரிசையா நடக்கும். கேம் ஃபைல் மாறிருக்கா, ஆன்டி-சீட் சர்வீஸ் ஓடுதா, அதோட டிரைவர் (கெர்னல்ல ஓடுற பகுதி) லோடு ஆச்சா, டெஸ்ட் சைனிங் மோடோ டீபக் மோடோ ஆன்ல இருக்கா, சந்தேகமான வேற டிரைவர் கூட ஓடுதா, பூட் நிலவரம் என்ன, கடைசியா சர்வரோட கைகுலுக்கல் நடந்துச்சா. இதுல எங்க முட்டுனாலும் பிளேயருக்கு தெரியறது அதே ரெண்டு வரிதான். சில கேம்கள் கூடவே ஒரு நம்பர் குடுக்கும், குடுத்தா அது தங்கம், ஏன்னா பல சமயம் அது ஆன்டி-சீட்டோட சொந்த நம்பர் இல்ல, விண்டோஸோட நம்பர். 577னா டிரைவரோட டிஜிட்டல் கையெழுத்து செல்லல. 1275னா விண்டோஸே அந்த டிரைவர லோடு ஆக விடாம தடுத்துடுச்சு. 32ன்னா ஃபைல வேற ஏதோ புரோகிராம் புடிச்சு வச்சிருக்கு, ஈசி ஆன்டி-சீட்ல 30005ன்னு வர்ற எரர் கூடவே பெரும்பாலும் இந்த 32 இருக்கும், பழைய டிரைவர் ஃபைல தூக்கிட்டு ரிப்பேர் குடுத்தா முடிஞ்சிடும். 5ன்னா பர்மிஷன். நம்ம கேஸ்ல நம்பர் இல்ல, அதான் தலைவலியே.

வெள்ளிக்கிழமை ராத்திரி கால் போட்டான். அதுக்குள்ள ஃபைல் வெரிஃபை பண்ணிட்டான், ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டான், அட்மினா ரன் பண்ணிட்டான், விசுவல் சி பிளஸ் பிளஸ் எல்லாத்தையும் திரும்பப் போட்டுட்டான், எல்லாரும் பண்ற அதே சாமி கும்பிடுறதுதான். நான் சொன்னேன், எதையும் தொடாத, சிஸ்டம் இன்ஃபர்மேஷன தொறந்து ரெண்டு வரி படி. பயாஸ் மோடு யூஈஎஃப்ஐன்னு இருந்துச்சு, அதாவது புது வகை பூட் முறை, நல்லது. செக்யூர் பூட் ஸ்டேட் ஆஃப். அடுத்து டிபிஎம் மேனேஜ்மென்ட் விண்டோவ தொறக்கச் சொன்னேன், "டிபிஎம் எதுவும் கிடைக்கலன்னு வருதுணா"ன்னான்.

இங்கயே நான் நிமிர்ந்து உக்காந்திருக்கணும். 2022ல முறையா விண்டோஸ் 11க்கு அப்கிரேடு ஆன மெஷின், அப்போ டிபிஎம் கண்டிப்பா ஆன்ல இருந்திருக்கணும், அப்புறம் யாரு ஆஃப் பண்ணா? கேட்டேன், கேக்காம இல்ல. "நான் அப்ப ஆன் பண்ணதா ஞாபகம்ணா"ன்னான். சரி ஞாபகம் தப்பா இருக்கும், இல்ல சும்மா தட்டிவிட்டு அப்கிரேடு பண்ணிருப்பான்னு நானே ஒரு பதில் சொல்லிக்கிட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்.

பயாஸ்க்குள்ள போனோம், அவன் ஃபோன் கேமராவ மானிட்டர் முன்னாடி புடிச்சுக்கிட்டு நான் சொல்லச் சொல்ல பண்ணான். ஏஎம்டி எஃப்டிபிஎம், அதாவது பிராசஸருக்குள்ளயே இருக்குற டிபிஎம், எனேபிள். சிஎஸ்எம், அதாவது பழைய லெகசி முறைல பூட் ஆக விடுற வசதி, டிசேபிள். செக்யூர் பூட் எனேபிள். சேவ் பண்ணி வெளிய வந்து பாத்தா டிபிஎம் வந்துடுச்சு, ஆனா செக்யூர் பூட் விண்டோஸ்ல இன்னும் ஆஃப்னே காட்டுது. பயாஸ்ல எனேபிள், விண்டோஸ்ல ஆஃப். இந்த இடத்துல மாட்டிக்கிட்டு போர்டே பழுதுன்னு முடிவுக்கு வந்தவங்கள பாத்திருக்கேன், பழுது இல்ல. செக்யூர் பூட்டுக்கு சாவி வேணும், பிளாட்ஃபார்ம் கீ-ன்னு ஒண்ணு பதிவாகாத வரைக்கும் அது செட்டப் மோட்ல நிக்கும், அதாவது பூட்டு மாட்டிருக்கு ஆனா சாவியே போடல. அதே பக்கத்துல கீ மேனேஜ்மென்ட்னு ஒரு உள்மெனு இருக்கும், அதுல ஃபேக்டரி கீ-ய ரீஸ்டோர் பண்ணுங்கற மாதிரி ஒரு ஆப்ஷன், அத குடுத்ததும் செட்டப் மோடு யூசர் மோடா மாறுச்சு, விண்டோஸ்லயும் ஆன்னு வந்துடுச்சு. சில போர்டுல செக்யூர் பூட் மோட ஒரு தடவ கஸ்டம் ஆக்கி திரும்ப ஸ்டாண்டர்டு ஆக்குனாதான் இந்த கீ ஏறும்.

இத படிச்சிட்டு உடனே பயாஸ்க்குள்ள ஓடாதீங்க. பயாஸ் மோடு லெகசின்னு இருந்தா சிஎஸ்எம்ம ஆஃப் பண்ண அடுத்த நிமிஷம் விண்டோஸ் பூட்டே ஆகாது, முதல்ல டிஸ்க்க எம்பிஆர்ங்கற பழைய பார்ட்டிஷன் முறைல இருந்து ஜிபிடிங்கற புது முறைக்கு மாத்தணும், அதுக்கு எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு டூல் 2017ல இருந்தே விண்டோஸ்கூட வருது, அதுல வேலிடேட் பண்ணி பாத்துட்டு பேக்கப் எடுத்துட்டு அப்புறம் கன்வெர்ட் குடுங்க. ரொம்ப பழைய கிராஃபிக்ஸ் கார்டுன்னா சிஎஸ்எம் போனதும் ஸ்கிரீன் கருப்பாயிடலாம். டிஸ்க்க பூட்டி வைக்குற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரெக்கவரி கீ கையில இல்லாம டிபிஎம் பக்கமே போகாதீங்க, அது பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும், எடுத்து எழுதி வச்சுக்கோங்க. இவனுக்கு பிட்லாக்கர் இல்ல, தப்பிச்சோம்.

கேம் ஓபன் ஆச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆடுனோம். நடுவுல ஒரு சின்ன விஷயம் சொன்னான், ரொம்ப நாளா விண்டோஸ் பின் வேலை செய்யல, பாஸ்வேர்டுதான் போட்டுக்கிட்டு இருந்தேன், இப்போ டிபிஎம் வந்ததால புதுசா பின் செட் பண்ணிட்டேன்னு. சந்தோஷம்டான்னு சொல்லிட்டு தூங்கப் போயிட்டேன்.

சனிக்கிழமை மதியம் மெசேஜ்: "அண்ணா மறுபடியும் அதே எரர்."

நான் பண்ண பெரிய தப்பு இங்கதான். செக்யூர் பூட் நேத்தே முடிச்சாச்சு, நானே என் கண்ணால ஆன்னு பாத்தேன், அதனால அது இல்லன்னு மனசுக்குள்ள அந்தக் கதவ சாத்திட்டேன். திரும்ப ஒரு தடவ தொறந்து பாக்க பத்து செகண்டு ஆகிருக்கும், பாக்கல. அதுக்கு பதிலா டிரைவர் பக்கம் போனேன். எல்லா டிரைவரையும் லிஸ்ட் எடுத்து அனுப்பச் சொன்னா அதுல வின்ரிங்0 பளிச்சுன்னு நிக்குது. அவ்ளோதான், திருடன் கிடைச்சிட்டான்னு குதிச்சேன்.

குதிச்சதுக்கு காரணம் இல்லாம இல்ல. வின்ரிங்0ங்கறது ஃபேன் ஸ்பீடு, டெம்பரேச்சர், ஆர்ஜிபி லைட் மாதிரி விஷயங்கள படிக்க நிறைய டூல் உள்ள வச்சுக்கிட்டு வர்ற ஒரு பழைய டிரைவர். முறையான கையெழுத்து இருக்கு, ஆனா அத வச்சு யாரு வேணாலும் ஹார்டுவேர நேரா தொடலாம்ங்கற ஓட்டையும் இருக்கு, 2020லயே அதுக்கு சிவிஇ நம்பர், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பதிவு எண், குடுத்தாச்சு, 2025 மார்ச்ல இருந்து விண்டோஸ் டிஃபெண்டரும் அத புடிக்க ஆரம்பிச்சது. சீட் எழுதறவங்களுக்கு இந்த மாதிரி கையெழுத்துள்ள ஓட்டை டிரைவர்னா அல்வா, சொந்தமா டிரைவர் எழுதி கையெழுத்து வாங்க வேண்டியதே இல்ல, இத கொண்டுவந்து இது வழியா கெர்னலுக்குள்ள பூந்துடலாம். அதனால ஆன்டி-சீட்டுங்க இந்த வகை டிரைவர கண்டா முறைக்கும். இதுல வேடிக்கை என்னன்னா காவல்காரனே இந்த லிஸ்ட்ல வந்திருக்கான், கென்ஷின் இம்பாக்டோட ஆன்டி-சீட் டிரைவர ஒரு ரான்சம்வேர் கும்பல் எடுத்து ஆன்டிவைரஸ கொல்ல யூஸ் பண்ணத 2022 ஆகஸ்ட்ல டிரெண்டு மைக்ரோ வெளியிட்டாங்க, அந்த மெஷின்ல கேமே இன்ஸ்டால் ஆகல, டிரைவர மட்டும் கொண்டுவந்து போட்டிருக்காங்க.

சரி, நம்ம கதை. தம்பி ஒரு டெம்பரேச்சர் பாக்குற டூல் வச்சிருந்தான், அதோட வந்த டிரைவர்தான். டூல அன்இன்ஸ்டால் பண்ணா டிரைவர் போகல, சர்வீஸா ரெஜிஸ்டர் ஆகி அப்படியே உக்காந்திருக்கு, இது சகஜம். ஆட்டோரன்ஸ் டூல இறக்கி டிரைவர் டேப்ல அத தேடி, டிக்க எடுத்து, ரீஸ்டார்ட் பண்ணி, ஃபைலயும் தூக்குனோம். ரெண்டு மணி நேரம். கேம ஓபன் பண்ணா அதே எரர், அதே ஓகே பட்டன்.

அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். ஈவென்ட் வியூவர்ல கோடு இன்டெக்ரிட்டி லாக்க ஏற்கனவே பாத்திருந்தேன், தடுக்கப்பட்ட டிரைவர்னு ஒரு என்ட்ரி கூட இல்ல. ஆன்டி-சீட்டோட சர்வீஸ் ஒழுங்கா ஸ்டார்ட் ஆகிருக்கு, அதோட டிரைவரும் ஓடுது. அதாவது டிரைவர் வரைக்கும் உள்ள எல்லா செக்கும் பாஸ், அதுக்கு மேல எங்கயோதான் முட்டுதுன்னு லாக்கு தெளிவா சொல்லுது, நான்தான் கேக்கல. கையில ஒரு குற்றவாளி கிடைச்சிட்டா சாட்சி சொல்றது காதுல விழாது. போதாக்குறைக்கு கேம முழுசா ரீஇன்ஸ்டால் பண்ணிப் பாருடான்னு வேற சொல்லித் தொலைச்சேன், ராத்திரி முழுக்க டவுன்லோடு ஓடுச்சு.

ஞாயித்துக்கிழமை காலைல டவுன்லோடு முடிஞ்சு, கேம் ஓபன் பண்ணி, அதே எரர். தம்பி கடுப்புல, "பேசாம விண்டோஸ ஃபார்மட் பண்ணிடட்டுமாணா"ன்னு கேட்டான். இருடான்னு சொல்லிட்டு, வேற என்ன பண்றதுன்னு தெரியாம, முதல்ல இருந்து வருவோம், சிஸ்டம் இன்ஃபர்மேஷன தொறன்னேன்.

"செக்யூர் பூட் ஸ்டேட் ஆஃப்ணா."

"வேற லைன் படிக்கிற போல, நல்லா பாரு."

"அண்ணா, ஆஃப்தான். ஸ்கிரீன்ஷாட் அனுப்பவா?"

அனுப்பினான். ஆஃப். டிபிஎம் காணோம். பயாஸ்க்குள்ள போய்ப் பாத்தா சிஎஸ்எம் எனேபிள், எஃப்டிபிஎம் டிசேபிள், வெள்ளிக்கிழமை நாம பண்ண எதுவுமே இல்ல. சனிக்கிழமை மதியம் எரர் வந்தப்பவே இது ஆஃபாதான் இருந்திருக்கு, ஒரு முழு நாளு நான் வீடு பத்தி எரியும்போது தோட்டத்துல தண்ணி ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

திரும்ப எல்லாத்தையும் செட் பண்ணோம். இந்தத் தடவ உஷாரா டெஸ்ட் வேற பண்ணேன். நாலு தடவ ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னேன், நாலு தடவையும் ஆன். ஷட் டவுன் பண்ணி, அஞ்சு நிமிஷம் விட்டு, பவர் பட்டன் அமுக்கி ஆன் பண்ணச் சொன்னேன், அப்பவும் ஆன். செட்டிங் சேவ் ஆகுது, நிக்குது. அப்போ யாரு மாத்துறா? பயாஸையே தொடுற மால்வேரான்னு கூட ஒரு நிமிஷம் யோசிச்சேன், சிரிக்காதீங்க, 2023ல பிளாக்லோட்டஸ்னு ஒரு பூட்கிட் செக்யூர் பூட் ஆன்ல இருக்கும்போதே அத தாண்டிப் போய் பேரு வாங்குச்சு. வீட்ல வேற யாராவது தொடுறாங்களான்னு கேட்டேன், யாரும் இல்லன்னான். அன்னைக்கு ராத்திரி நல்லா ஆடுனோம்.

திங்கக்கிழமை காலைல கேக்கவே வேணாம், ஆஃப். கூடவே ஸ்க்வாட் குரூப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டான், உங்க பின் இப்போ கிடைக்கலன்னு விண்டோஸ் சொல்றத, கீழ ஒரு சிரிப்பு எமோஜி. சனிக்கிழமையும் இதே மாதிரி ஒண்ணு போட்டிருந்தான், அத ஜோக்குன்னு நினைச்சு ஸ்க்ரோல் பண்ணிட்டேன். பின்னோட சாவி இருக்கறது டிபிஎம்ல, டிபிஎம் போனா பின்னும் போயிடும். ரெண்டும் ஒரே நேரத்துல, ரெண்டும் ராத்திரில. பகல்ல எத்தன ரீஸ்டார்ட் பண்ணாலும் தாங்குற செட்டிங் ராத்திரில மட்டும் செத்துப்போகுதுன்னா, ராத்திரில மட்டும் நடக்கறது என்ன?

சாயங்காலம் வீடியோ கால்ல கூப்ட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். நீ காலைல எழுந்து எப்படி ஆன் பண்ணுவியோ அத அப்படியே பண்ணு, எனக்காக எதையும் மாத்தாத, கேமராவ மட்டும் ஸ்கிரீன் பக்கம் திருப்பி வை. முதல்ல குனிஞ்சான், டக்குன்னு ஒரு சத்தம், டேபிள் கீழ இருக்குற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஸ்விட்ச். மதியமே அத ஆஃப் பண்ணி வச்சிருந்தானாம். அப்புறம் பவர் பட்டன். கருப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்துல நாலஞ்சு வரி வந்துச்சு, நான் படிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள அவன் பேசிக்கிட்டே ஒரு கீ-ய தட்டிட்டான், விண்டோஸ் லோடு ஆக ஆரம்பிச்சிடுச்சு.

"டேய் டேய், இப்ப என்னடா அமுக்குன?"

"எஃப்2ணா."

"ஏன்?"

"அது தினமும் கேக்கும்ணா. எஃப்1 அமுக்குனா நீலமா அந்த பயாஸ் வந்துடும், எஃப்2 அமுக்குனா நேரா விண்டோஸ் போயிடும்."

"எவ்ளோ நாளா?"

"தெரியலணா, ஆறு மாசம் இருக்கும்."

திரும்ப ஸ்விட்ச ஆஃப் பண்ணி, ரெண்டு நிமிஷம் விட்டு, ஆன் பண்ணி, இந்தத் தடவ எதையும் அமுக்காம அந்த வரிகள படிக்கச் சொன்னேன். சிமாஸ் (பயாஸ் செட்டிங்க ஞாபகம் வைக்குற மெமரி) செக்சம் தப்பு, தேதி நேரம் செட் ஆகல, எஃப்1 அமுக்குனா செட்டப், எஃப்2 அமுக்குனா டீஃபால்ட் வேல்யூ போட்டுட்டு தொடரும். டீஃபால்ட் வேல்யூ. 2019 போர்டு, 2019 பயாஸ், அதோட டீஃபால்ட்ல சிஎஸ்எம் ஆன், எஃப்டிபிஎம் ஆஃப், செக்யூர் பூட் ஆஃப். நான் ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா ஆன் பண்றேன், இவன் காலைல ஒரே கீ-ல எல்லாத்தையும் ஆஃப் பண்றான். ஆறு மாசமா பண்ணிக்கிட்டு இருக்கான், கேம் இப்போதான் கேக்க ஆரம்பிச்சதால இப்போதான் வெளிய தெரிஞ்சிருக்கு. 2022ல டிபிஎம்ம ஆன் பண்ணதா அவனுக்கு இருந்த ஞாபகம் சரிதான்.

மூல காரணம் போர்டுல இருக்குற சிஆர்2032, அந்த பட்டன் செல். கம்ப்யூட்டர ஷட் டவுன் பண்ணாலும் ப்ளக்குல கரண்டு இருக்குற வரைக்கும் பவர் சப்ளைல இருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை வந்துக்கிட்டே இருக்கும், கடிகாரமும் சிமாஸ் செட்டிங்கும் அதுலயே உயிரோட இருக்கும், செல்லுக்கு வேலையே இல்ல. ப்ளக்கு ஸ்விட்ச ஆஃப் பண்ணாதான் செல் பொறுப்பெடுக்கணும், இவன் ராத்திரில பண்றது அதத்தான், செல்லுல சத்து இல்ல. ஞாயித்துக்கிழமை நான் பண்ண ரீஸ்டார்ட், ஷட் டவுன் டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆனது இதனாலதான், ஒரு தடவ கூட ப்ளக்க ஆஃப் பண்ணச் சொல்லல. புது செல்லுனா 3 வோல்ட் சுத்தி காட்டும், 2.5க்கு கீழ போனா நம்பக் கூடாது.

கடிகாரம் ஞாபகம் வந்து கேட்டேன், காலைல டைம் சரியா காட்டுமாடா? "2019 ஜனவரின்னு காட்டும்ணா, நான் கையால மாத்திடுவேன். மாத்தலனா லாஞ்சர் கனெக்ட் ஆகாது, பாதுகாப்பான இணைப்பு இல்லன்னு சொல்லும்." இதையும் ஆறு மாசமா பண்றான், இதையும் சொல்லல, ஏன்னா அவனுக்கு அது எரர் இல்ல, பல்லு விளக்குற மாதிரி காலை வேலை. வெப்சைட், சர்வர் சர்டிஃபிகேட்டுக்கெல்லாம் இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரைக்கும்தான் செல்லும்னு இருக்கும், கம்ப்யூட்டர் 2019ல நின்னா இன்னைக்கு ஓடுற சர்டிஃபிகேட் அதுக்கு இன்னும் பொறக்கவே இல்ல. நெட்ல இருந்து விண்டோஸ் தானா டைம் எடுத்துக்காதான்னு நானும் முதல்ல நினைச்சேன். வீட்டுல இருக்குற சாதாரண மெஷின்ல விண்டோஸ் டைம் சர்வீஸுக்கு டீஃபால்ட்டா ஒரு வரம்பு உண்டு, 54,000 செகண்டு, அதாவது 15 மணி நேரம், அதுக்கு மேல வித்தியாசம் இருந்தா இவ்ளோ பெரிய மாத்தம் நான் பண்ண மாட்டேன்னு ஒதுங்கிடும். வருஷக்கணக்குல பின்னாடி நிக்குற கடிகாரத்த அது தொடாது. அதனால வேற ஏதாவது கேம்ல லாகின், அத்தென்டிகேஷன், டோக்கன்னு எந்த வார்த்தைல எரர் வந்தாலும் கீழ வலது மூலைல இருக்குற தேதிய ஒரு தடவ பாத்துடுங்க, மணி மட்டும் இல்ல, வருஷமும்.

சரிபண்ணதுல பெரிசா சொல்ல ஒண்ணும் இல்ல. ப்ளக்க உருவி, பவர் பட்டன ஒரு தடவ அமுக்கி மிச்ச கரண்ட வடிச்சு, கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில ஒளிஞ்சிருந்த செல்ல வெளிய எடுக்க கார்டையே கழட்ட வேண்டியதாயிடுச்சு, பக்கத்துல இருக்குற கிளிப்ப நகத்தால தள்ளுனா செல் தானா எகிறும். புது செல் எழுத்து இருக்குற பக்கம் மேல. ஆன் பண்ணதும் கடைசியா ஒரு தடவ அந்த மெசேஜ் வந்துச்சு, இந்தத் தடவ எஃப்1, உள்ள போய் தேதி, அப்புறம் எஃப்டிபிஎம், சிஎஸ்எம், செக்யூர் பூட். கீ-ய திரும்ப ஏத்தணுமான்னு பாத்தா தேவைப்படல, அது சிமாஸ்ல இல்லாம பயாஸ் சிப்போட ஃபிளாஷ்ல இருக்குறதால இத்தன நாள் எஃப்2லயும் அழியல. முடிச்சதும் அந்த செட்டிங்க பயாஸ்லயே ஒரு புரொஃபைலா சேவ் பண்ணி வச்சோம்.

ஃபேக்டரி கீ பத்தி ஒரு வார்த்தை. செக்யூர் பூட்டுக்கான மைக்ரோசாஃப்டோட 2011 சர்டிஃபிகேட்டுங்க 2026 ஜூன்ல இருந்து ஒவ்வொண்ணா காலாவதி ஆகுது, விண்டோஸ் அப்டேட் வழியா 2023 சர்டிஃபிகேட்ட ஏத்திக்கிட்டு வர்றாங்க. பழைய போர்டோட ஃபேக்டரி கீ-ல அந்த 2023 இருக்காது. ஏற்கனவே செக்யூர் பூட் ஆன்ல ஒழுங்கா ஓடுற மெஷின்ல சும்மா இருக்கட்டுமேன்னு கீ-ய ரீஸ்டோர் பண்ணி வைக்காதீங்க, பூட் ஆகாமப் போக வாய்ப்பு இருக்கு. செட்டப் மோட்ல நிக்குற மெஷினுக்கு மட்டும்தான் அந்த வைத்தியம்.

அடுத்த ரெண்டு நாள்ல கேம்ல நடுநடுவுல ஒரு செகண்டு ஆடியோவோட சேந்து உறையுதுன்னான், இது எனக்கு தெரிஞ்ச பழைய வியாதி, எஃப்டிபிஎம் ஆன்ல இருக்குற ரைசன் மெஷின்ல இப்படி வரும்னு 2022 மார்ச்ல ஏஎம்டியே ஒத்துக்கிட்டாங்க, ஏஜீசாங்கற ஏஎம்டியோட பயாஸ் கோடு 1.2.0.7 வெர்ஷன் சேந்த பயாஸ்ல சரியாச்சு. பயாஸ அப்டேட் பண்ணோம், உறையறது நின்னுச்சு. பயாஸ் அப்டேட்டும் செட்டிங்க டீஃபால்ட்டுக்கு கொண்டு போயிடும், பழைய வெர்ஷன்ல சேவ் பண்ண புரொஃபைலும் புதுசுல ஏறல, அதனால மூணாவது தடவையா அதே மெனு, இந்தத் தடவ நான் சொல்லாமயே பண்ணிட்டான்.

டெஸ்ட் அன்னைக்கு ராத்திரி 11 மணிக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ ஆஃப் மட்டும் பண்ணாம ப்ளக்கையே உருவி வைக்கச் சொன்னேன். காலைல 9 மணிக்கு மாட்டி ஆன் பண்ணான். எஃப்2 கேக்கல, பின் போட்டு உள்ள போனான், தேதி சரி, செக்யூர் பூட் ஆன், லாபி ஓபன். மூணு வாரம் ஆச்சு, அப்படியே இருக்கு.

நேத்து ஒரு பழைய ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான், ரெண்டு மாசம் முன்னாடி டெம்பரேச்சர் எவ்ளோ கம்மியா இருக்கு பாருங்கணான்னு பெருமைக்கு குரூப்ல போட்டது, நானும் அப்போ லைக் போட்டிருக்கேன். நான் சனிக்கிழமை தேடிப் புடிச்சு தூக்க வச்சேனே, அதே டூல்ல எடுத்தது. டெம்பரேச்சருக்கு கீழ, ஃபேன் ஸ்பீடுக்கும் கீழ, கடைசி வரில வீபேட்னு இருக்கு, அதாவது அந்த பட்டன் செல்லோட வோல்டேஜ், பக்கத்துல 2.21 வோல்ட்.